மரியாதை தெரியாத பெட்டி

1986 ஆகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு, கம்ப்யூட்டர் ஒன்று உபகாரத்தைப் பார்த்து ‘ப்போடா’ என்றது.

கொடைக்கானல் மலையில் அதற்கு முன் எந்த மனிதனும் கம்ப்யூட்டரிடம் ஏச்சு வாங்கியதில்லை. வாங்குவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டுமே. மலை முழுக்கத் தேடினாலும் தன்னிடம் இருப்பது ஒன்றுதான் என்று உபகாரம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்று எங்காவது இருந்திருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டிருக்கப் போவதில்லை.

அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் ஜெனரேட்டர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அந்த ஜெனரேட்டர் சாதாரணப்பட்டதல்ல. அது உறுமினால் வட்டக்கானலில் குரங்குகள் மரத்திலிருந்து உதிரும். வில்பட்டியில் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே புரண்டு படுக்கும். கவுஞ்சியில் பால் திரியும். அப்படிப்பட்ட எஞ்சின் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் நின்றால் காது என்ன ஆகும்? மேல்சத்தம் முழுக்கப் போய்விட்டது. குருவி, குக்கர் விசில், பூசைமணி, பெண்கள் குரல் எல்லாம் காலி. அடிச்சத்தம் மட்டும் மிச்சம்: பஸ், எருமை, பங்குச் சாமியாரின் பிரசங்கம். கல்யாணமான ஆம்பளைக்கு ஆண்டவர் இதைவிடப் பெரிய கிருபை செய்ய முடியாது என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அவர் மனைவி கித்தேரியம்மாள் அன்றிலிருந்து குரலை அடிவயிற்றுக்கு இறக்கி எருமை மாதிரியே பேசக் கற்றுக்கொண்டார். கிருபை அத்தோடு தீர்ந்தது.

ஆனால் காதோடு போனதிலே பெரியது வேறு. உபகாரம் ஒரு ஹாம். வீட்டில் இருந்தபடியே ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேச, அரசாங்கத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு அப்படித்தான் பேர். மைக்கைப் பிடித்துப் பேசுவது அவருக்கு இளப்பம். தந்திக் கீயைத் தட்டி மோர்ஸில் பேசுவதுதான் பேச்சு. ரேடியோவில் வரும் மோர்ஸ் விசிலும் மேல்சத்தம்தான், அதுவும் போய்விட்டது.

மோர்ஸில் புள்ளியும் கோடும் தவிர வேறொன்றும் இல்லை. பழகுகிறவர்கள் புள்ளியை ‘டி’ என்றும் கோட்டை ‘டா’ என்றும் வாயால் சொல்லிப் பழகுவார்கள். டி டா என்றால் A. டா டி என்றால் N. முழுக்க முழுக்க ‘டி’ போட்டும் ‘டா’ போட்டும் மட்டுமே பேசக்கூடிய பாஷை உலகத்தில் இது ஒன்றுதான். பழக ஆரம்பித்த புதிதில் உபகாரம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு டி டா, டா டி என்று சொல்லப்போய், கித்தேரியம்மாள் டிரங்குப் பெட்டியோடு பாச்சலூர் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். திருப்பி அழைத்துவர மூன்று சாமியார்கள் தேவைப்பட்டார்கள்.

பழனி மலையில் சிதறிக் கிடந்த ஒன்பது ஹாம்களும் தினமும் காலை ஏழு மணிக்கு மோர்ஸில் ஆஜர் சொல்வார்கள். தலைவர் வரிசையாகக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் பதில் கொடுத்து, ரெண்டு சேதி சொல்லி முடிக்க வேண்டும். உபகாரம் ஐந்தாம் ஆள். தெருவில் பார்த்தால் ஊரே அவரிடம் கத்தும். கத்திவிட்டு ‘பாவம்’ என்று முகத்தை வைத்துக்கொள்ளும். அந்த முகம் அவருக்குப் பிடிக்காது. ஆஜர் ஒன்றில்தான் யாரும் கத்தவில்லை, முகத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. காரணம் எளிது: காது போனதை அவர் அங்கே யாருக்கும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கடிகாரத்தைப் பார்த்தே ஓட்டினார். ஏழு பத்துக்கு நாலாம் ஆள் முடிப்பார். ஏழு பன்னிரண்டுக்கு உபகாரம் கீயைத் தட்டி, ‘ஆஜர், நலம், இங்கே பனி’ என்பார். கொடைக்கானலில் பனி என்று சொன்னால் வருஷத்தில் பத்து மாதம் பொய்யாகாது. மிச்சம் இரண்டு மாதத்துக்கு யாரும் ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை.

மாட்டிக்கொண்டது ஒரு சாவில். நாலாம் ஆள் திருமலைச்சாமி, கவுஞ்சியில் பூண்டு போடுகிறவர். ஒரு நாள் அவர் தன் மாமியார் காலமாகிவிட்ட சேதியைத் தட்ட, அடுத்த நிமிஷம் உபகாரம், தினமும் பனி சொல்லி அலுத்துப்போய், ‘மிக்க மகிழ்ச்சி, இங்கேயும் அப்படியே’ என்று தட்டினார். திருமலைச்சாமி அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியாரைப் பற்றி அவருக்கும் ஏறக்குறைய அதே அபிப்பிராயம். தலைவர்தான் எடுத்துக்கொண்டார்.

தலைவர் சேனாதிபதி, கப்பலில் இருபத்தெட்டு வருஷம் ரேடியோ ஆபீசராக இருந்துவிட்டு, கடல் அலுத்து மலையேறியவர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். அவர் எந்தக் கப்பலுக்கும் கேப்டனாக இருந்ததில்லை, ஆனாலும் மறுத்ததும் இல்லை. அவர் மலைக்கு வந்த வருஷமும் உபகாரத்துக்குக் காது போன வருஷமும் ஒன்று. கேப்டன் கீ தட்டி உபகாரம் ஒரு நாளும் காதால் கேட்டது கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேப்டன் ஒரு தீர்மானம் போட்டார். காதால் கேட்டு எழுத முடியாதவர் பெயர் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஆஜரில் கூப்பிடப்படாது. அதைச் சங்கத்தின் செயலாளர் லீமா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பெண், ஒரு தாளில் டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்கும் அந்த முகம் வந்துவிட்டது. உபகாரம் தாளை வாங்கி நாலாய் மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு அடியில் வைத்தார். மேஜை ஆட்டம் நின்றது. அந்தத் தாளால் உண்டான ஒரே பிரயோசனம் அது என்று பின்னாளில் சொல்வார்.

அந்த மேஜை மேல்தான் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஓர் அமெரிக்க வாத்தியார் ஜெனரேட்டர் சிநேகத்துக்காக விட்டுப்போனது. சோப்பு டப்பா கனம்கூட இல்லாத கறுப்புப் பெட்டி, மேலே ரப்பர் பொத்தான்கள். கூடவே ஓர் ஆங்கிலப் பத்திரிகை. அதில் நூற்றுத் தொண்ணூறு வரியில் ஒரு புரோகிராம் அச்சடித்திருந்தது. அதை அப்படியே பெட்டிக்குள் அடித்து, ரேடியோவின் ஸ்பீக்கர் ஒயரைப் பெட்டியின் காதில் செருகினால், மோர்ஸ் சத்தத்தை அது எழுத்தாக்கி டி.வி.யில் காட்டும்.

பெட்டிக்குக் காது என்றே ஒரு ஓட்டை இருந்தது. மேலே EAR என்றே எழுதியிருந்தது. உபகாரத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடித்தது கித்தேரியம்மாள். பள்ளிக்கூட ஆபீசில் இருபது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். நான்கு நாள் அடித்தார். ஓட விட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறி வந்தது. ஒரு வரியில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடிக்கப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் கேள்விக்குறியிலேயே முடிந்தன. எழுதி முடித்த புரோகிராமைக் கேசட்டில் பதிந்து வைத்தார்கள். வீட்டில் காலிக் கேசட் இல்லை. பெருமையும் அதன் அழிவும் பற்றிய ஒரு தவக்காலப் பிரசங்கத்தின் வாலில் பதிந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஏழு மணிக்கு, இலங்கை ரூபவாகினி பார்ப்பதற்காக வாங்கின கறுப்பு வெள்ளை டி.வி.யில், எழுத்துகள் வர ஆரம்பித்தன. முதல் நாலைந்து எழுத்தைப் பெட்டி வேகம் பிடிக்கத் தின்றது. எங்கோ மின்னல் அடித்தால் அதை ஒற்றைப் புள்ளி என்று நினைத்து E E E என்று விக்கியது. அதற்கு நடுவில் ஊர் தெரிந்தது. திருமலைச்சாமிக்குப் பூண்டு முளைத்துவிட்டது. வத்தலக்குண்டில் மழை. பழனியில் ஒருத்தருக்குப் பேத்தி. இரண்டு வருஷமாகச் சுவராக இருந்தது ஜன்னலாகி, ஜன்னல் வழியாக எட்டுப் பேர் தலையை நீட்டினார்கள். உபகாரம் மூக்கைச் சிந்தினார். என்ன என்று கித்தேரியம்மாள் கேட்டதற்கு, பனி என்றார்.

ஏழு பன்னிரண்டுக்குக் கூப்பிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பதில் கொடுத்தார். கேப்டன் எல்லோருக்கும் ஒரு வாழ்த்துச் சொல்லி ஆஜரை முடித்தார். முடிக்கிறபோது திரையில் கடைசியாக விழுந்த சொல்:

PBODA

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

“P ஒரு ப, B ஒரு ப,” என்று கித்தேரியம்மாள் உறுமினார். “நமக்கு ரெண்டும் ஒரே எழுத்துதானங்க. ப்போடா. அழுத்திச் சொல்லியிருக்காரு.”

“யாரைச் சொல்லியிருப்பாரு?”

“யாருக்கு நோட்டீஸ் குடுத்தாரோ அவரைத்தான்.”

ஒரு நாள் பேச்சை வைத்து மனிதரை எடை போடக்கூடாது என்று உபகாரம் காத்திருந்தார். செவ்வாய்க்கிழமை PBODA வந்தது. புதன்கிழமையும் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஹாம் வழக்கப்படி 73 என்ற வாழ்த்து எண்ணோடு மரியாதையாக முடிக்க, கேப்டன் ஒருத்தர் மட்டும் தினமும் இப்படி முடித்தார். எட்டுப் பேர் கேட்கிற இடத்தில், வெள்ளனே எழுந்து, பல் விளக்கி, கீ முன்னால் உட்கார்ந்து, ஒரு மனுசன் இன்னொரு மனுசனை நாள் தவறாமல் போடா என்கிறான் என்றால், அந்த வன்மத்தின் ஒழுங்கை உபகாரம் மெச்சத்தான் செய்தார். ஆனால் மெச்சிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

வியாழக்கிழமை அவர் முறை வந்தது. ஆஜர், நலம், பனி என்று தட்டினார். பிறகு, கேப்டன் நாலு வயது மூத்தவர் என்பதால் மரியாதை கெடாமல், எழுத்து எழுத்தாக, முத்து கோத்த மாதிரித் தட்டினார்:

NEENGA PODA

பழனி மலையின் வான்வெளி அன்று போல ஒரு நாளும் நிசப்தமாக இருந்ததில்லை. மின்னல்கூட அடங்கிவிட்டது என்று உபகாரம் சத்தியம் செய்வார். திரையில் இரண்டு நிமிஷம் ஒரு E கூட விழவில்லை.

மறுநாள் லீமா இன்னொரு தாளோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஏழு ரோடு சந்திப்புப் பக்கம் சங்கத்தின் அறையில் விசாரணை. குற்றம் இரண்டு. ஒன்று, காதால் கேட்காமல் ஆஜர் சொன்னது. இரண்டு, தலைவரை அவமதித்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டால் இரண்டாவதை விட்டுவிடலாம் என்று கேப்டன் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தாராம்.

மன்னிப்பைக் கேட்டுவிட்டு வெரசா வந்துவிடலாமே, சோறு ஆறிப்போகும் என்றார் கித்தேரியம்மாள்.

“மூணு நாளு அவரு சொன்னாரு. நான் ஒரு நாளுதான் சொன்னேன்,” என்றார் உபகாரம். “பாக்கி ரெண்டை நான்தான் பெருந்தன்மையா விட்டுருக்கேன்.”

அந்த அறை ஒரு பேக்கரியின் மாடி. கீழே பன் வேகும் வாசனை, மேலே தீர்மானங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் உபகாரம் கம்ப்யூட்டரை மேரி பிஸ்கட் டப்பாவில் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காய்கறி லாரியில் கவுஞ்சியிலிருந்து வந்திருந்த திருமலைச்சாமி டி.வி.யைக் கம்பளியில் சுற்றித் தோளில் ஏற்றினார். கித்தேரியம்மாள் கேசட்டை ஜெபமாலை மாதிரி கையில் பிடித்துக்கொண்டார். ஏழு ரோட்டைக் கடக்கிறபோது டூரிஸ்ட் கார்கள் எல்லாம் நின்று வழி விட்டன. சப்பரம் போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

உள்ளே எட்டுப் பேரும் இருந்தார்கள். கேப்டனின் குரல் கப்பல் சங்கு மாதிரி அடித்தொண்டைக் குரல். அது உபகாரத்துக்கு மலையிலேயே மிக நன்றாகக் கேட்கும் குரல் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதனால் தாளும் பென்சிலும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்திருந்தார்கள். உபகாரம் பென்சிலை எடுத்துக் காது குடைந்தார்.

கேப்டன் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். “காதால கேக்காதவன் ஹாமே இல்லை. பெட்டி கேட்டதை நான் கேட்டேன்னு சொல்றது களவு. இதுல நான் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லை.”

“கேப்டன், எம்மேல எழுதியிருக்கிற குத்தத்தை ஒரு தடவை வாசிங்க,” என்றார் உபகாரம்.

கேப்டன் தாளை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து உருவினார். சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரிக் கண்ணாடி.

“அதை உள்ள வச்சிட்டு வாசிங்க.”

கேப்டன் நிமிர்ந்தார்.

“கண்ணாடி பாத்ததை நான் பாத்தேன்னு சொல்றது மட்டும் என்னங்க? அதுக்கு என்ன பேரு?”

திருமலைச்சாமிக்கு இருமல் வந்துவிட்டது. கம்பளியை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருமினார். லீமா எழுதிக்கொண்டிருந்த நோட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஆனால் சேனாதிபதி லேசுப்பட்ட ஆள் இல்லை. புயலில் கப்பலை இழுத்து வந்தவர். அதாவது இழுத்து வரச் சொல்லித் தந்தி கொடுத்தவர்.

“என் கண்ணாடி யாரையும் திட்டாது,” என்றார். “நான் தினமும் ஆஜரை ‘அன்போட’ன்னு தமிழ்ல முடிக்கிறேன். ரெண்டு வருசமா இந்த மலையில எல்லாருக்கும் தெரியும். அன்போடன்னு சொன்னவனுக்கு நீங்க என்ன பதில் அனுப்பினீங்க உபகாரம்?”

உபகாரத்துக்கு அந்தச் சொல் கேட்டது. ரொம்பத் தெளிவாகக் கேட்டது. அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். கித்தேரியம்மாள் முகத்தில் நூற்றுத் தொண்ணூறு வரியும் ஓடின. அரைப்புள்ளி ஒன்று விட்டதற்கே பதினொரு நாள். இன்னும் எத்தனை புள்ளி எங்கே விட்டுப்போய்க் கிடக்கிறதோ? அன்போட என்று வந்ததைப் போடா என்று காட்டியிருந்தால், பெட்டிக்குக் காது இல்லை. பெட்டிக்குக் காது இல்லை என்றால் உபகாரத்துக்கும் இல்லை. நாளைக் காலையிலிருந்து ஜன்னல் மறுபடியும் சுவர்.

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. உபகாரத்தின் வாய் வேறு மாதிரிப் பழகிவிட்டது.

“உங்க கீயை எடுங்க கேப்டன்,” என்றார். “இங்க, எல்லாருக்கும் முன்னால. பெட்டி தப்பா எழுதிச்சின்னா நானே என் பேரை அடிச்சிட்டுப் போறேன். இனி ஆஜர் பக்கமே வரலை.”

கித்தேரியம்மாள் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். நேரம் கடந்துவிட்டது.

கேசட்டைச் சங்கத்தின் டேப் ரிக்கார்டரில் போட்டார்கள். அவசரத்தில் ஒரேயடியாகப் பின்னால் சுற்றிவிட்டதால் முதலில் பிரசங்கம் வந்தது. பெருமை எப்படிப்பட்ட மனிதரையும் பள்ளத்தில் தள்ளும் என்று ஒரு சாமியார் பேக்கரி மாடி அதிர முழங்கினார். அதைக் கேட்ட கேப்டன் உபகாரத்தைப் பார்த்தார். உபகாரம் கேப்டனைப் பார்த்தார். யாரைச் சொல்கிறார் என்று சாமியார் தெளிவுபடுத்தவில்லை. பிறகு கரகரவென்று புரோகிராம் ஏறியது.

பயிற்சிக்காகச் சங்கத்தில் ஒரு சத்தப் பெட்டி வைத்திருந்தார்கள். கீயைத் தட்டினால் ரேடியோ இல்லாமலே மோர்ஸ் சத்தம் போடும். அதன் ஒயரைக் கம்ப்யூட்டரின் காதில் செருகினார் உபகாரம். கேப்டன் பெட்டிக்கு வேகம் காட்ட ரெண்டு வரி தட்டினார். எல்லாம் ஒழுங்காக விழுந்தது. பிறகு மார்பை நிமிர்த்தி, சபையைச் சுற்றிப் பார்த்து, அன்போட என்று தட்டினார்.

PBODA

“பெட்டிக்குக் கொழுப்பு,” என்றார் கேப்டன். மறுபடி தட்டினார், மெதுவாக. மெதுவாக PBODA வந்தது. வேகமாகத் தட்டினார். அது வேகமாக வந்தது. அந்த அறையில் அரை மணி நேரத்தில் எட்டுப் பேரும் வாங்கிய போடா மொத்தம் நூறு இருக்கும் என்பது உபகாரத்தின் கணக்கு. பதினொன்று என்று லீமாவின் நோட்டில் இருக்கிறது.

“பெட்டியே கோளாறுதான், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்றார் கேப்டன்.

லீமா நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஒன்றும் சொல்லாமல் கீயை வாங்கி, நாற்காலியில்கூட உட்காராமல், அதே சொல்லைத் தட்டினாள்.

ANBODA

கித்தேரியம்மாள் வேட்டியை விட்டுவிட்டார்.

லீமாவுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சொன்னாள். “கேப்டன், A-க்கும் N-க்கும் நடுவுல நீங்க கேப்பே விடலை. டி டா, டா டி. ரெண்டும் ஒட்டிக்கிட்டா டி டா டா டி. அது P. மிச்சம் BODA சரியாத்தான் வருது.” அதைக் கித்தேரியம்மாள் அடிக்குரலில் உபகாரத்துக்குத் திருப்பிச் சொன்னார்.

“ஆடற கப்பல்ல பழகின கை இது,” என்றார் சேனாதிபதி. குரல் முதல் தரமாகச் சங்கிலிருந்து ஒரு படி இறங்கியது. “இருபத்தெட்டு வருசம். ஒரு துறைமுகத்துலயும் எவனும் என்னைத் தப்பா எழுதினது கெடையாது.”

திருமலைச்சாமி கம்பளியை மடித்துத் தரையில் வைத்தார். “தப்பாத்தான் கேட்டிருக்கும் கேப்டன். சரியா எழுதிக்கிட்டாங்க. நீங்க வந்த முத வாரம் எனக்கும் போடான்னுதான் கேட்டுச்சு. என்ன இவரு இப்படிப் பேசுறாருன்னு ரெண்டு நாளு சாப்பாடு எறங்கலை. பொறவு, பெரிய மனுசன் அப்படியெல்லாம் சொல்ல மாட்டாருன்னு நானா அன்போடன்னு எழுதிக்கிட்டேன். அப்படியே பழகிருச்சு.”

ஒவ்வொருவராகப் பார்த்தார் கேப்டன். பழனிக்காரர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார். வத்தலக்குண்டுக்காரர் செருப்பைப் பார்த்தார். எல்லோரும் இரண்டு வருஷமாக அதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள் என்று அந்த அறைக்கே தெரிந்தது.

“இத்தனை காதும் உங்களுக்கு மரியாதை குடுத்துருக்கு கேப்டன்,” என்றார் உபகாரம். “இந்தப் பெட்டிக்கு மரியாதை தெரியாது. அனுப்புனதை எழுதும். நீங்க அன்போடன்னு அனுப்புங்க, அன்போடன்னு எழுதும். இந்தச் சபையிலேயே நீங்க சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே ஆளு நான்தான். என்னையா எடுக்கப் போறீங்க?”

கீழே பேக்கரியில் தட்டுகளை இழுக்கும் சத்தம் கேட்டது, உபகாரத்துக்கும் கேட்டது. கேப்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போய், அதில் இருந்த பதினொரு PBODA-வையும் மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அது அவ்வளவு அழுக்காக இல்லை.

“என் கை இப்படித்தான்,” என்றார் கடைசியில். “அறுபத்தாறு வயசுல மாத்திக்க மாட்டேன்.”

“என் காதும் இப்படித்தான்,” என்றார் உபகாரம். “நானும் மாத்திக்க மாட்டேன்.”

லீமா நோட்டைத் திறந்து, இரண்டு பேரையும் கேட்காமல், ஒரு வரி எழுதி உரக்க வாசித்தாள்: அங்கத்தினர் எதைக் கொண்டு கேட்கிறார் என்பது அவரவர் சோலி, எதைக் கேட்டார் என்பதே சங்கத்தின் சோலி. கை தூக்கச் சொன்னாள். ஏழு கைகள் எழுந்தன. கேப்டன் கை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது. மேஜைக்கால் அடியில் இருக்கும் தீர்மானத்தை என்ன செய்வது என்று கித்தேரியம்மாள் கேட்டதற்கு, அது அங்கேயே இருக்கட்டும் என்றாள்.

மன்னிப்பை யாரும் கேட்கவில்லை. பன் சுடச்சுட வந்தது. அதை மட்டும் எல்லோரும் கேட்டு வாங்கினார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. உபகாரம் ஆறரைக்கே டி.வி. முன்னால் இருந்தார். கித்தேரியம்மாள் காபியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கேப்டன் ஆஜரை ஆரம்பித்தார். முதலாம் ஆள், இரண்டாம் ஆள், மூன்று, நாலு. பிறகு ஆறு. உபகாரத்தின் பேர் வரவில்லை. ஏழு. எட்டு. கித்தேரியம்மாள் காபியைக் கீழே வைத்தார். தீர்மானத்துக்கு மேல் ஒரு தீர்மானம் போட்டுவிட்டாரோ, மனுசன்.

எல்லோரும் முடிந்த பிறகு, கடைசியில் வந்தது உபகாரத்தின் பேர். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் லாரி போகலாம். அவ்வளவு இடைவெளி விட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை கோடு போட்ட நோட்டில் எழுதுவது போல. பேரை அடுத்து ‘நலமா’ என்று வந்தது. அதுவும் அப்படியே. கப்பல் கரைதட்டி நின்றுவிட்டது என்று உபகாரம் நினைத்தார்.

பிறகு கடைசிச் சொல். புள்ளி புள்ளியாக, கோடு கோடாக, உலகத்துத் துறைமுகம் எல்லாம் எழுந்து நின்று சல்யூட் அடிக்கிற சுத்தத்தில் வந்தது:

PODA

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இந்தத் தடவை நடுவில் B இல்லை. ஒட்டிக்கொண்டதும் எதுவும் இல்லை. பெட்டிமேல் பழி போட ஓர் அரைப்புள்ளி இடம்கூட இல்லை.

“இது தப்பு இல்லைங்க,” என்று உறுமினார் கித்தேரியம்மாள். “வேணும்னே சொல்லியிருக்காரு.”

“உனக்கு இல்லை, எனக்கு,” என்றார் உபகாரம். இரண்டு வருஷத்தில் இந்த மலையில் அவரிடம் யாரும் கத்தாமல், பாவம் பார்க்காமல், அவருக்கென்றே சொன்ன முதல் சொல் அது. அதைத் திரையிலிருந்து அழிக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் பதில் கொடுக்காமல் விடவும் மனசு வரவில்லை. கீயை முன்னால் இழுத்து, விரலை உதறிக்கொண்டு, லாரிக்குப் பதில் ரயிலே போகிற மாதிரி இடைவெளி விட்டுத் தட்டினார்:

NEENGALUM PODA

சந்தை நாளில் திருமலைச்சாமி ஒரு படி பூண்டோடு வீட்டுக்கு வந்தார். கேப்டன் திருந்திவிட்டதைப் பற்றியே பேசினார். இப்போதெல்லாம் A தனியாக, N தனியாக, அன்போட என்று மணி மணியாகக் கேட்கிறதாம். தினமும் கேட்டதைக் குறித்து வைக்கும் லாக் புத்தகத்தில்கூட அப்படியே எழுதி வைத்திருக்கிறாராம். அன்று காலையும் பெட்டியில் PODA என்றுதான் விழுந்திருந்தது.

உபகாரம் பூண்டை முகர்ந்து பார்த்து, நல்ல காரம் என்றார்.